மொண்டெல்லோவில் ஒட்டிய மூன்று சிவப்புப் பொட்டு

பலெர்மோவில் இறங்கிய முதல் நாள் முழுக்க நான் பாதித் தூக்கத்தில்தான் நடந்தேன். உடம்பு சிசிலிக்கு வந்துவிட்டது, உறக்கம் மட்டும் இன்னும் பருத்தித்துறையில் கிடந்தது. மஞ்சள் கல்லில் கட்டிய வீடுகள், மாடத்துக்கு மாடம் காயும் வேட்டி போன்ற படுக்கை விரிப்புகள், எங்கிருந்தோ வரும் எலுமிச்சம்பூ வாசம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்து பார்ப்பது போல அசைந்தன. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்தின் வாசலில் யோகம் அக்கா நின்று கையைக் காட்டியிராவிட்டால் அப்படியே நடந்து கடலுக்குள் போயிருப்பேன்.

யோகம் அக்கா என்னோடு படித்தவளின் தமக்கை. இந்த ஊருக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. வீட்டு வேலை செய்கிறார்.

“என்ன பவானி, கனவிலை நடக்கிற மாதிரி வாறாய்? இந்தச் சின்னப் பையோடையோ வந்தனீ?”

“ஓம் அக்கா. ஒரு கிழமைக்கு இது காணும்.”

“உனக்குக் காணும். போகேக்கை நான் தாற சாமானை எங்கை வைக்கப் போறாய், தலையிலையோ?”

கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்து வந்தேன். அவர் என் பையை வாங்கி நிறை பார்த்தார்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் மீனவப் பெண்களின் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த சமாசம் ஒன்று உண்டு. நான் அதன் செயலாளர். ஐரோப்பாக்காரர் ஒரு கடலின் இரண்டு பக்கத்து ஊர்களும் சேர்ந்து வேலை செய்யவென்று நிதி ஒதுக்குகிறார்கள். இந்தக் கடலுக்கு ஒரு பக்கம் சிசிலி, மறுபக்கம் துனீசியா. சில வருடங்களுக்கு ஒரு தடவை அந்தத் திட்டத்தைப் புதிதாக எழுதுவார்களாம். அடுத்த தவணைக்கு எதை வைப்பது, எதை வெட்டுவது என்று கரையோரத்து ஆட்களிடமே கேட்கும் கூட்டம் மூன்று நாள். வேறு கடல்களில் இருந்தும் நாலைந்து பேரை விருந்தாளிகளாகக் கூப்பிட்டிருந்தார்கள். பாக்கு நீரிணையின் சார்பில் நான்.

எங்கள் கடலுக்கு அப்படியொரு திட்டமும் கிடையாது. இழுவைப் படகுக்காரரோடு சண்டை மட்டும் தாராளமாக உண்டு. ஆனால் நான் வந்தது சண்டைக்காக அல்ல. சில வருடங்களுக்கு முன் என்னுடைய அவரின் படகு இயந்திரம் பழுதாகி, காற்று இழுத்துக்கொண்டு போய் இந்தியக் கரையில் ஒதுக்கியது. அந்தக் கரை ஆட்கள் அவருக்குச் சோறு கொடுத்து நல்லபடியாகத்தான் வைத்திருந்தார்கள். அவருடைய போன் கடலோடு போய்விட்டது, ஒரு நம்பரும் மனப்பாடம் இல்லை. அதைச் சொல்ல எவரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்கும் தெரியாது, எவரிடம் கேட்பது என்று எனக்கும் தெரியாது. பதினொரு நாள். ஏழாம் நாள் மச்சாள் என் பக்கத்தில் வந்து இருந்து, “பொட்டை எடு பிள்ளை, ஊர் கதைக்குது” என்றாள். நான் எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மனிசன் தாடியோடு வந்து நின்றார். அந்தப் பதினொரு நாளை இன்னொருத்திக்கு வரவிடக் கூடாது என்பதுதான் என் வாழ்க்கையில் மிச்சமுள்ள ஒரே பிடிவாதம்.

யோகம் அக்காவின் வீடு போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு மேலே மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கீழே வாள்மீனின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டமோ நகரத்துக்கு வடக்கே, மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். அக்கா வேலைக்குப் போகும் வீட்டுக்கார அம்மாவின், அவர் சொல்லில் சின்யோராவின், வீடும் அங்கேதான். ஆகவே காலையில் இருவரும் ஒரே பஸ்ஸுக்கு நின்றோம். நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம்.

“இஞ்சை நேர அட்டவணை சும்மா சுவருக்கு வடிவு. பஸ்ஸுக்கு மனம் வந்தால் வரும்.”

மனம் வந்து வந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு கிழவர்கள் கையை ஆட்டி ஆட்டி உரத்துக் கதைத்தார்கள். வெட்டுக்குத்து நடக்கப்போகிறது என்று பயந்துபோனேன். அக்கா காதுக்குள் மொழிபெயர்த்தார்: “சூடைமீன் சமைக்கேக்கை முந்திரிகை வத்தல் போடவேணுமோ, கூடாதோ எண்டு சண்டை. நாலு தரிப்புத் தாண்டியிட்டுது, இன்னும் முடியேல்லை.” மீனுக்காகச் சண்டை பிடிக்கும் ஊரில் பட்டினி கிடக்கமாட்டோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மொண்டெல்லோக் கடலின் நிறத்தை எப்படிச் சொல்வது? எங்கள் கடல் உழைப்பாளி மாதிரி, காலையிலேயே சாம்பல் நிறத்தில் வேலைக்கு எழும்பிவிடும். இது விடிந்தும் பாயில் கிடந்து புரளும் கடல். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம். மண்டபத்துக்குள் போன பிறகும் அந்த நிறம் கண்ணுக்குள் நின்றது.

மண்டபத்தில் என் பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள்தான் இந்தப் பயணத்தின் பெரிய வரவு. ஒருத்தி ரொசாரியா, சிசிலியின் தென்கரைக்காரி, பெரிய கை, பெரிய குரல். மற்றவள் சல்மா, துனீசியாக்காரி, இரண்டு மீனவப் பிள்ளைகளின் தாய். சல்மா முன்பு ஹோட்டலில் வேலை செய்தவள், ஆங்கிலமும் இத்தாலியமும் தெரியும். என் சமாசத்து ஆங்கிலத்துக்கும் ரொசாரியாவின் கைகளுக்கும் நடுவில் அவள்தான் பாலம்.

ரொசாரியா தன் பையில் இருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு தாளிலும் இரண்டு நிரல். இடப்பக்கம் சிசிலிப் பெண்களின் பெயரும் போன் நம்பரும், வலப்பக்கம் துனீசியப் பெண்களுடையவை. ஒரு படகு வராவிட்டால் இடப்பக்கத்துக்காரி நேரே எதிரில் இருக்கும் வலப்பக்கத்துக்காரியைக் கூப்பிடுவாள். அவள் தன் கரை முழுக்க விசாரிப்பாள். அவ்வளவுதான்.

கொப்பியை வாங்கித் தாள் தாளாகத் திருப்பிப் பார்த்தேன். பதினொரு நாளுக்கான மருந்து ஒரு கொப்பிக்குள் இருந்திருக்கிறது.

“நம்பர் மட்டும் போதாது,” என்றாள் ரொசாரியா. சல்மா அதைச் சொல்லித் தந்தாள். “முகம் தெரியவேண்டும். சேர்ந்து ஒரு தரம் சாப்பிட்டிருக்க வேண்டும். அப்போதுதான் எந்த நேரத்திலும் போனை எடுப்பாள்.”

அப்படி முகம் பார்க்க வருடத்தில் இரண்டு தடவை பெண்கள் கடல் தாண்டிப் போய்வருகிறார்கள். அதற்கு வழி செய்வது இந்தப் பெரிய திட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்னப் பிரிவு. ‘கரைக்குக் கரை சந்திப்புகள்’ என்று பெயர். அடுத்த தவணையில் அது இருக்குமா, வெட்டுப்படுமா என்பதை இந்த மூன்று நாளில் சொல்லிவிடுவார்கள். வெட்டுப்பட்டால் கொப்பி பழைய கடதாசிதான் என்றாள் ரொசாரியா. இங்கே தப்பினால் அதைக் காட்டி எங்கள் கரைக்கும் ஒன்று கேட்கலாம் என்று நான் மனக்கோட்டை கட்டினேன்.

இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டை நான் மறக்கமாட்டேன், அதுதான் எனக்கு எமன். பாணுக்குள் வைத்த பனெல்லே என்று ஒன்று தந்தார்கள். கடலைமாவைக் கிண்டி, ஆறவைத்து, வெட்டிப் பொரித்தது. எங்கள் வடைக்கு வெளிநாட்டில் ஒரு மச்சாள். பிறகு ஒரு தேசிக்காய் ஐஸ். அதற்கு முன்னால் உள்ளுக்குள் இறைச்சி வைத்துப் பொரித்த சோற்று உருண்டை இரண்டு. இரண்டும் என்னுடைய குற்றம், ஒருவரும் வற்புறுத்தவில்லை.

சாப்பிட்டு வந்து ஹெட்போனை மாட்டினேன். மொழிபெயர்ப்பாளரின் குரல் காதுக்குள் தாலாட்டுப் போல ஓடியது. ‘நிலைத்த வளர்ச்சி’ என்றது, ‘அடுத்த தவணையின் முன்னுரிமைகள்’ என்றது. ஜன்னல் வழியே அந்தச் சோம்பேறிக் கடல். எப்போது கண் மூடியதோ தெரியாது. கனவில் எங்கள் ஊர் முனைக் கடற்கரையில் ரொசாரியாவும் சல்மாவும் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்றார்கள்.

கதிரைகள் இழுபடும் சத்தத்தில் விழித்தேன். எல்லோரும் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரிய வெள்ளைத் தாள்கள், தாளுக்கு ஒரு பிரிவின் பெயர். என் மேசையில் வட்ட வட்டமாக ஒட்டுத்துண்டுகள், மூன்று பச்சை, மூன்று சிவப்பு. விருந்தாளிக்கும் வாக்கு உண்டாம். விளக்கம் எல்லாம் நான் கனவில் கருவாடு பார்த்த நேரத்தில் முடிந்திருந்தது.

கேட்டிருக்கலாம். வாய் இருக்கிறதுதானே? ஆனால் நித்திரை கொண்டேன் என்று சொல்ல வெட்கம். கையில் எடுத்துப் பார்த்தேன். அச்சொட்டான ஒட்டுப்பொட்டு! யாழ்ப்பாணச் சந்தையில் அட்டை அட்டையாக வாங்குவேனே, அதே அளவு, அதே சிவப்பு. எங்களுக்குச் சிவப்பு என்றால் நல்லது. புது வள்ளத்தைக் கடலில் இறக்கும்போது அணியத்தில், அதுதான் வள்ளத்தின் மூக்கில், வைப்பது குங்குமம். கோயிலால் வரும்போது நெற்றியில் வைப்பது குங்குமம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நேரே நடந்துபோய் ‘கரைக்குக் கரை சந்திப்புகள்’ என்ற தாளில் மூன்று சிவப்பையும் பக்கம் பக்கமாக, வடிவாக ஒட்டினேன். மனதுக்குள் பிள்ளையாரையும் கூப்பிட்டேன். மிஞ்சிய பச்சை மூன்றையும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ‘கருத்தரங்குகளும் பிரசுரங்களும்’ என்ற தாளில் கொண்டுபோய்த் தள்ளினேன்.

வெளிக்கிடும்போது ரொசாரியா அந்தத் தாளுக்கு முன்னால் தனியே நின்றுகொண்டிருந்தாள். நான் “நாளைக்குப் பார்ப்போம்” என்று கையைப் பிடித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். களைப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பொழுதுபட யோகம் அக்கா புட்டும் சூடைப் பொரியலும் வைத்தார். கீழே சந்தைக்காரர்கள் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவும் சத்தம். நான் வாயில் புட்டோடு பெருமை அடித்தேன்.

“மூண்டு பொட்டையும் அந்தப் பெண்டுகளுக்குத்தான் ஒட்டினனான் அக்கா. மூண்டும் சிவப்பு!”

அக்காவின் அகப்பை அந்தரத்தில் நின்றது.

“சிவப்போ? வேறை என்ன நிறம் தந்தவங்கள்?”

“பச்சை.”

“அடி விசரி! எங்கடை சின்யோராவின்ரை குடியிருப்பிலையும் கூட்டத்திலை இதைத்தான் ஒட்டுறவை. பச்சையெண்டால் இருக்கட்டும், சிவப்பெண்டால் வெட்டு. நீ வெட்டச் சொல்லியெல்லோ ஒட்டிப்போட்டு வந்திருக்கிறாய்!”

புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். சிவப்பு விளக்குக்கு நிற்கவேண்டும் என்று யாழ்ப்பாணத்திலும்தான் தெரியும். ஆனால் கையில் பொட்டு வந்தபோது எனக்கு விளக்கு ஞாபகம் வரவில்லையே! ரொசாரியா திரும்பிப் பார்க்காமல் போனது இப்போதுதான் விளங்கியது. எந்தக் கொப்பிக்காகக் கடல் தாண்டி வந்தேனோ அதை என் கையாலேயே கிழித்துவிட்டேன். வெட்கம் இல்லாமல் அழுதேன்.

“அழுகிறதை நிப்பாட்டு. முடிவு எப்ப சொல்லுவினம்?”

“நாளைக்குக் காலமை, ஒன்பதரைக்கு.”

“அப்ப விடியப் போய்ச் சொல்லு. பிழை விட்டனான் எண்டு சொன்னால் தலையை வெட்டமாட்டினம்.”

மூன்றாம் நாள் விடிந்தது. பஸ் இல்லை. வேலைநிறுத்தம்! தரிப்பில் நின்ற ஒரு பெண் அதை “இன்றைக்கு மழை” என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு விறுவிறு என்று சந்தைக்குள் போய் பெப்பே என்ற மீன்காரனைப் பிடித்தார். மொண்டெல்லோ உணவகங்களுக்கு மீன் கொண்டுபோகிறவன். அவனுடைய வண்டி எங்கள் ஆட்டோவுக்கு முதுகில் பெட்டி பூட்டியது போன்ற மூன்று சில்லு வாகனம்.

இருவரும் பெட்டிக்குள், மீனுக்கும் ஐசுக்கும் நடுவில், ஏறிக் குந்தினோம். பெப்பே வழிமுழுக்கப் பாடிக்கொண்டு ஓட்டினான். மலை ஒரு பக்கம், இளவெயில் மறுபக்கம். பயத்துக்குள்ளும் ஒரு நிமிடம் எல்லாம் மறந்து மிதந்தேன் என்று சொன்னால் நம்பவேண்டும். மீன் மணம் அம்மா மடி மாதிரி அடித்தது. ஒரு வளைவில் கணவாய்ப் பெட்டி சரிந்து மடியில் விழுந்தபோதுதான் திரும்பி வந்தேன்.

“சின்யோராவுக்கு என்ன சொல்லுவியள் அக்கா, உடுப்பெல்லாம் மீன் தண்ணி?”

“மீன் வாங்கி வந்தனான் எண்டு சொல்லுவன். நீ உன்ரை அலுவலைப் பார்.”

மண்டபத்துக்குள் நான் ஓடிப் போனபோது கூட்டத்தை நடத்தும் இளம்பெண் முடிவை வாசித்துக்கொண்டிருந்தாள். ‘கரைக்குக் கரை சந்திப்புகள்’ பிரிவுக்குப் பச்சையைவிடச் சிவப்பு இரண்டு கூட. ஆகவே வரைவில் இருந்து நீக்கும்படி பரிந்துரை. ரொசாரியா கொப்பியைப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள். சல்மா அவள் தோளில் கை வைத்திருந்தாள்.

“நிற்பாட்டுங்கோ!” என்றேன். பதற்றத்தில் தமிழில்தான் வந்தது. மண்டபம் திரும்பியது. ஈரச் சேலை, மீன் மணம், ஒரு பக்கம் கணவாய் மை. என்னை அவர்கள் என்னவென்று நினைத்தார்களோ!

பிறகு என் சமாசத்து ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன். நித்திரை கொண்டதைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். சிவப்பு எங்களுக்கு என்ன என்பதைச் சொன்னேன். என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அந்த மூன்றும் என்னுடையவை, ஆசீர்வாதமாக ஒட்டியவை என்றேன். பிறகு, சொல்ல நினைக்காமலே, பதினொரு நாளையும் சொன்னேன். ஏழாம் நாள் மச்சாள் வந்து இருந்ததையும் சொன்னேன். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

நடத்தும் பெண் தன் பக்கத்தில் இருந்தவர்களோடு குனிந்து கதைத்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: “முடிவை எழுதி இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. மாற்றலாம். ஆனால் ஒருவர் ஒட்டியதை இன்னொருவர் தொடக் கூடாது. உங்கள் சிவப்பை நீங்களே எடுங்கள்.”

இவ்வளவு சுலபமா என்று ஓடிப்போனேன். தாளுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினேன்.

கை போகவில்லை.

வெறும் கடதாசி வட்டம், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அது பொட்டு. ஊரே சொல்லியும் பதினொரு நாள் நான் எடுக்காத பொட்டு. எடுத்தால் அவர் கடலில் போய்விடுவார் என்று அன்று நெற்றியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தேன். இன்று ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, நாலு பேர் பார்க்க, என் விரலாலேயே எடு என்கிறார்கள். அவர் அந்த நேரம் கடலில் நிற்பார் என்று வேறு மனம் கணக்குப் போட்டது.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். ரொசாரியா. அவளுக்கு என் கதையை ஹெட்போன் சொல்லியிருந்தது. அவள் கொப்பியை விரித்து என் கைக்குக் கீழே ஏந்தினாள். மறுபக்கம் சல்மா வந்து மெல்லச் சொன்னாள்: “எறியவேண்டாம். இடம் மாற்று.”

நகத்தால் கிளப்பினேன். முதல் பொட்டை ரொசாரியாவின் கொப்பியில், முதல் பெயருக்கு மேலே ஒட்டினேன். இரண்டாவதைச் சல்மா தன் போனின் முதுகில் ஒட்டச் சொன்னாள். மூன்றாவதை என் குறிப்புப் புத்தகத்தின் அட்டைக்கு உள்ளே தற்காலிகமாக ஒட்டினேன். பிறகு கருத்தரங்குகளின் தாளில் இருந்து பச்சை மூன்றையும் பிடுங்கி வந்து, சிவப்பு இருந்த இடத்தில் அழுத்தி ஒட்டினேன். நடத்தும் பெண் திரும்ப எண்ணினாள். ‘கரைக்குக் கரை சந்திப்புகள்’ வரைவில் நிற்கும் என்றாள்.

ரொசாரியா என்னைக் கட்டிப்பிடித்தாள். “மணக்குது, மணக்குது” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், விடவும் இல்லை. வரைவு இனி ரோமுக்கும் துனிசுக்கும் பெரிய மேசைகளுக்கும் போகும், அங்கே எவர் எதை ஒட்டுவாரோ தெரியாது என்றாள் சல்மா. போன தவணையிலும் இப்படி மயிரிழையில்தான் தப்பியதாம்.

புறப்படும் நாள் யோகம் அக்கா சொன்னபடியே சாமான் தந்தார். உப்பில் போட்ட நெத்தலி, பிஸ்தா, மச்சாளுக்கு ஒரு சட்டை. பை மூடவில்லை. அதன்மேல் ஏறி இருந்து சிப்பை இழுத்தார். அப்போதுதான், என்னைப் பாராமல், அழுதார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நித்திரை கொண்டேன். மூன்றாம் நாள் விடிய அவர் கடலுக்குப் போனபின், குறிப்புப் புத்தகத்தில் ஒரு புதுத் தாளை எடுத்து நடுவில் கோடு கீறினேன். இடப்பக்கம் முதல் வரியில் என் பெயரும் நம்பரும் எழுதினேன். எதிரே வலப்பக்கம் எழுத ஒரு பெயர் வேண்டும். அக்கரையில், அவருக்குச் சோறு போட்ட கரையில், படகு திரும்புமா என்று பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருத்தியின் பெயர். எனக்கு இன்னும் தெரியாது.

அட்டையில் இருந்த மூன்றாவது பொட்டைக் கிளப்பி அந்த வெறும் வரியில் ஒட்டினேன். இந்த முறை கை தானாகப் போனது.